ரோடு ஏறுது, வீடு இறங்குது

நான் ஸ்கூலுக்குப் போன காலத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைய இரண்டு படி ஏற வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். வீடு அதே வீடுதான், மண்ணில் ஒரு அங்குலம்கூடப் புதையவில்லை. சந்துதான் வளர்ந்துவிட்டது. கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு ஒரு தரம், எம்.எல்.ஏ. ஃபண்டு வந்தபோது ஒரு தரம், குடிதண்ணீர் பைப்புக்குத் தோண்டியதை மூட ஒரு தரம் என்று, பழைய காங்கிரீட்டை உடைக்காமலே அதன் தலையில் புதுசைக் கொட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு அங்குலம், ஐந்து அங்குலம். ஒவ்வொரு தடவையும் சந்து முனையில் ஒரு போர்டு, ஒரு ரிப்பன், ஒரு போட்டோ. அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலில் இன்னொரு வரிசை செங்கல் வைத்துப் பூசுவார். இப்போது எங்கள் வாசலில் ஒரு குட்டி அணைக்கட்டே இருக்கிறது, பாட்டி அதைத் தாண்ட முடியாமல் கொல்லைப்புறமாகத்தான் வந்துபோகிறார்.

இதில் வெட்கப்பட வேண்டிய ஆள் நானும்தான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேறு ஊர்ச் சந்துகளில் இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். ஏன் உடைப்பதில்லை என்று கேட்டால் பதில் சின்னது. எஸ்டிமேட்டில் உடைக்கிற வேலை இருக்காது. உடைத்தால் கல்லும் மண்ணும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, லாரி வாடகை யார் தருவது? எம்-புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதுகிற புத்தகத்தில், ஏறுவது புதிதாகப் போட்ட காங்கிரீட்டின் கன மீட்டர் மட்டும். பில் அதற்குத்தான் பாஸாகும். வீட்டுத் தளம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எழுத எம்-புக்கில் யாரும் இடம் ஒதுக்குவதில்லை. இவ்வளவுதான் விஷயம், இதில் வில்லன் யாரும் இல்லை.

ஊர் பெயர் வேண்டாம். பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரம், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு ரொம்ப தூரமில்லை. தாத்தா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அரிசி மில்லுக்கு மூட்டை தூக்க வந்தவர். கனால் கரையில் ஓலைக் குடிசை போட்டார், அப்புறம் ஓடு, அப்பா காலத்தில் பாதி வார்ப்பு. ஆழியாற்றுத் தண்ணீரில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும் என்பது பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம். மூலத்தரையில் பிரிந்து அந்தத் தண்ணீர்தான் எங்கள் பக்கத்துக் கனால்களில் ஓடுகிறது. தண்ணீரும் அங்கிருந்து வந்தது, நாங்களும் அங்கிருந்து வந்தோம், ஆனால் தண்ணீருக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று தாத்தா சொல்லிச் சிரிப்பாராம்.

மொத்தம் 41 வீடு. 2011 சென்சஸில் நகரத்துக் குடிசைப் பகுதிகளை எண்ணியபோது, அரசு ஏற்கெனவே அறிவிக்காத இடமாக இருந்தால் குறைந்தது 300 பேர், அல்லது அறுபது எழுபது வீடு ஒரே கொத்தாக இருந்தால்தான் கணக்கு. நாடு முழுக்க 6.5 கோடி பேர் அந்தக் கணக்கில் வந்தார்கள். நாங்கள் வரவில்லை. அப்புறம் 2024 ஜூனில் கேரள அரசு 'காலனி' என்ற சொல்லே இனி வேண்டாம், 'நகர்' என்றோ 'உன்னதி' என்றோ சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு, கேலி பண்ணவில்லை, காலனிக்காரன் என்ற வார்த்தையை ஸ்கூலில் எந்தக் குரலில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புதுப் பெயர்ப்பலகைக்குக் குழி தோண்டியபோது சாக்கடைதான் வந்தது.

சித்தி வாக்கப்பட்டது ஒரு லட்சம் வீட்டுக் குடியிருப்பில். 1972-இல் எம்.என். கோவிந்தன் நாயர் மந்திரியாக இருந்தபோது நிலமில்லாதவர்களுக்கு ஒரு லட்சம் வீடு என்று கொண்டுவந்த திட்டம் அது. பெரிய கனவு, அதில் சந்தேகமில்லை. செலவைக் குறைக்க இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர் வைத்தார்கள். சித்தி வீட்டில் அந்தச் சுவர் ஐம்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்துக்காரர் இடித்துக் கட்ட லோன் வாங்கிவிட்டார், மறுபக்கத்துக்காரரிடம் பணம் இல்லை, இடித்தால் அவர் கூரை போய்விடும். ஒரு சுவரை மிச்சம்பிடித்த என்ஜினீயருக்கு இந்த இரண்டு குடும்பமும் ஐம்பது வருஷம் கழித்து வேறு வேறு வருமானத்தில் இருக்கும் என்று தோன்றவில்லை.

இப்போது லைஃப் மிஷன், கேரள அரசின் வீட்டுத் திட்டம். வீடு கட்ட 4 லட்சம் ரூபாய். நகராட்சிப் பகுதி என்றால் இதில் ஒன்றரை லட்சம் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவிலிருந்து, மீதி மாநிலமும் நகராட்சியும். ஆனால் கையில் நிலம் இருக்க வேண்டும், பட்டயம், அதாவது பட்டா, வேண்டும். எங்களுடையது புறம்போக்கு, இரிகேஷன் டிபார்ட்மென்ட் நிலம். நகராட்சி ஆபீசில் கேட்டால் "அது இரிகேஷன்டெ ஸ்தலமல்லே" என்பார்கள். இரிகேஷன் ஆபீசில் கேட்டால் சாக்கடை நகராட்சி வேலை என்பார்கள். ரொம்ப அழுத்திக் கேட்டால் இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தை, "நோக்காம்". பார்க்கலாம் என்று அர்த்தம், பார்க்க மாட்டோம் என்று பொருள். கொச்சியில் துறைமுக நிலத்தில் இருக்கும் வாத்துருத்தியிலும் நம்ம ஆட்கள்தான், திண்டுக்கல், தேனிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்குப் போனவர்கள். அங்கேயும் நிலம் ஒருவருடையது, வார்டு இன்னொருவருடையது.

நிலம் இல்லாதவர்களுக்கு ஃப்ளாட் என்பது அடுத்த கதவு. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதில் ஆசை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்குப் பயம்தான். சென்னையில் கூவம் ஓரத்திலிருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவரைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள், வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அத்தைக்கு பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகாமல் வேலையே போய்விட்டது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கியது 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது, பெயரில் மேம்பாடு வந்தவரை சந்தோஷம். வடக்கே ஆந்திரத்தில் 2020 டிசம்பர் முதல் நகரத்தில் ஒரு சென்ட், கிராமத்தில் ஒன்றரை சென்ட் என்று லட்சக்கணக்கில் மனைப் பட்டா கொடுத்தார்கள். நகரிப் பக்கம் தறி ஓட்டும் நண்பன் போனில் சொன்னான், "ஒரு சென்ட்னா 435 சதுர அடி, அதுல வீடு போடறதா தறி போடறதான்னு யோசிச்சுட்டு இருக்கோம்." பட்டா கையில் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் தறிக்காரனுக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் வீடு என்பது வேலைக்குப் பக்கத்தில் இருக்கிற இடம்.

அதனால் என் கட்சி இதுதான், யார் கேட்டாலும் சொல்வேன். முதலில் "இத்தனை வருஷத்துக்கு உங்களை எழுப்ப மாட்டோம்" என்று ஒரு காகிதம். அப்புறம் சாக்கடை, தண்ணீர், பாதை, வெளிச்சம், அந்த வரிசையில். வீட்டை நாங்கள் கட்டிக்கொள்வோம், இதுவரை கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம். அகமதாபாத் மாநகராட்சி தொண்ணூறுகளில் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். பத்து வருஷத்துக்குக் காலி பண்ணச் சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது, குடும்பத்துக்கு 2000 ரூபாய் பங்கு வாங்கியது, வீட்டுக்கு வீடு குழாய், கக்கூஸ், சாக்கடை இணைப்பு. ஒடிசா 2017-இல் சட்டமே போட்டது, சிறு நகரங்களில் 30 சதுர மீட்டர் வரை இலவசம், பிள்ளைக்குப் போகும், பேங்கில் அடகு வைக்கலாம், விற்க மட்டும் முடியாது. இந்த 'விற்க முடியாது' என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எங்கள் சந்தில் விற்க முடிந்திருந்தால் பாதி வீடு என்றைக்கோ வட்டிக்காரனிடம் போயிருக்கும்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது இந்தூர். ஹிமான்ஷு பாரிக் என்ற என்ஜினீயர் அங்கே குடிசைப் பகுதிகளை நகரத்தின் இயற்கையான நீரோட்டப் பாதையோடு சேர்த்துப் பார்த்தார், ஏனென்றால் ஏழைகள் குடியேறுவது பெரும்பாலும் ஓடைக் கரை, பள்ளம், யாருக்கும் வேண்டாத தாழ்ந்த நிலம். ஊரின் கழிவுநீர்க் குழாய் போகச் சரியான வழியும் அதுதான். ரோட்டை மேலே ஏற்றாமல் வெட்டித் தாழ்த்தினார், மழைத் தண்ணீர் ரோட்டிலேயே ஓடிப் போகட்டும், வீட்டுக்குள் வேண்டாம் என்று. 1998-இல் ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது. பின்னாலே பராமரிப்பு சரியில்லை, வீட்டு இணைப்புகள் முழுசாக நடக்கவில்லை என்று நிறைய விமர்சனமும் வந்தது, அதுவும் நியாயம். கராச்சியில் ஒரங்கியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய வேலை இன்னும் எளிமை. சந்துக்குள் இருக்கிற சாக்கடையைச் சந்துக்காரர்களே காசு போட்டுப் போடுவது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெரிய சாக்கடை அரசாங்கத்தின் பொறுப்பு. அவருடைய ஆட்கள் எந்த இடம் எவ்வளவு உயரம் என்று லெவல் எடுத்து, படம் வரைந்து, எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள்.

லெவல்! எனக்குத் தெரிந்த ஒரே வேலை. சொந்தச் சந்துக்கு அதை ஒரு நாளும் செய்யவில்லை.

2018 ஆகஸ்டில் கேரளம் முழுக்க வெள்ளம் வந்தபோது கனால் எங்களை ஒன்றும் செய்யவில்லை. சந்துத் தண்ணீர்தான் வீட்டுக்குள் வந்தது, முழங்கால் அளவு, இரண்டு நாள். அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். போன வருஷம்தான் எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்து (பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த குழு) பிரசிடெண்ட் அக்கா என்னைப் பிடித்தார். "ஊருக்கெல்லாம் அளக்கற, நம்ம வாசலை அளக்க மாட்டியா கண்ணு?" என்றார். மெஷின் எதற்கு, கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் லெவல் போதும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ஊற்றி இந்த முனையை ஒருவர் பிடித்தால் அந்த முனையை இன்னொருவர். நாலு ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு முனை, ஒன்பதாவது படிக்கிற பையன்கள் மறுமுனை, அக்கா நோட்டில் எழுதினார். 41 வாசல், 41 தளம், சந்தின் பதினான்கு இடம். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் டீயோடு வந்து, "என் வாசலை இன்னொருக்கா அளங்க, நேத்து இறங்கின மாதிரி இருக்குது" என்பார்.

கணக்கு போட்டால், சந்தின் மெயின் ரோட்டு முனை அதன் நடுப்பகுதியைவிட எட்டரை அங்குலம் உயரம். அதாவது நகராட்சி எங்களுக்குப் போட்டுக்கொடுத்த சாக்கடை மேல்நோக்கி ஓட வேண்டும். நடுவில் இருக்கிற ஒன்பது வீட்டுக்குத் தண்ணீர் போக வழியே கிடையாது, எத்தனை லட்சத்துக்குக் காங்கிரீட் போட்டாலும்.

அந்த நோட்டைத் தமிழிலேயே வைத்து, தமிழிலேயே மனு எழுதி வார்டு சபைக்கு, அதாவது வார்டு மக்கள் கூடுகிற கூட்டத்துக்கு, கொண்டுபோனோம். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தமிழில் எழுதலாம் என்று 1969-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. 1996-இல் ஜனகீய ஆசூத்திரணம் (மக்கள் திட்டம்) வந்து, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்கு என்று ஆனதிலிருந்து இந்தச் சபைதான் எங்களுக்கு ஒரே கதவு. ஆனால் அங்கே பொதுவாக நடப்பது ஆடு, கோழி, தையல் மெஷின் பயனாளி லிஸ்ட். சபையில் லெவல் பற்றி ஒருவர் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நகராட்சி ஓவர்சியரே சொன்னார். நல்ல மனிதர். நோட்டை வாங்கி இரண்டு இடத்தில் அவரே மெஷின் வைத்துச் சரிபார்த்தார், அரை அங்குலம்தான் வித்தியாசம். முனையிலிருந்து ஐம்பது மீட்டர் பழைய காங்கிரீட்டை உடைத்து அகற்றுவது என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்ந்தது. அந்த ஒரு வரிக்கு ஏழு மாதம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, சாக்கடையை மெயின் ரோட்டுக்கு அடியில் கடத்த ஒரு கல்வெர்ட், அதாவது சின்னப் பாலம், வேண்டும், அந்த ரோடு நகராட்சியுடையது இல்லை, பி.டபிள்யூ.டி.யுடையது. மூன்றாவது ஆபீஸ். நோக்காம்.

இதற்கு நடுவில் அக்கா ஒரு வேலை செய்தார். ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கி, நாங்கள் எடுத்த லெவலை வைத்து, சந்து முழுக்க இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு கோடு இழுத்தார். இதற்கு மேலே ஒரு சட்டிக் காங்கிரீட்கூட விழக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லிவைத்தார். போன மாதம் வேறொரு ஃபண்டில் வேறொரு கான்ட்ராக்டர் மிக்சர் மெஷினோடு வந்து இறங்கினார், உடைப்பது பற்றி அவர் எஸ்டிமேட்டில் எதுவும் இல்லை. பெண்கள் எல்லாரும் வெளியே வந்து கோட்டைக் காட்டினார்கள். அவர் ஓவர்சியருக்குப் போன் போட்டார், ஓவர்சியர் என்ஜினீயருக்குப் போட்டார். மிக்சர் பதினோரு நாளாகச் சந்து முனையிலேயே நிற்கிறது. சாயங்காலம் பசங்கள் அதன் மேல் ஏறி விளையாடுகிறார்கள், நேற்று என் முதலாளி போன் பண்ணி, "அது உங்க சந்துதானே?" என்று கேட்டார்.