அழுத்துவதற்கு முன்னால்

நான்காம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது வருடா வருடம் ஒரு கேள்வி கேட்பேன். நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா? பாதி வகுப்பு "எட்டு!" என்று கத்தும். நான்கைவிட எட்டு பெரிசு, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. (காலில் பாதி அரைக்கால் என்று நம் சொல்லிலேயே விடை இருக்கிறது. அந்தச் சொல்தான் பிள்ளைகளிடம் இல்லை.) கரும்பலகையில் வட்டம் வரைந்து காட்டினால், என் கைக்கு எட்டுத் துண்டும் எட்டு அளவில் வரும்.

இந்த முறை கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தைத் திறந்தேன். கணக்கையும் அறிவியலையும் திரையில் அசைத்துப் பார்க்கிற செயலிகள் இருக்கும் தளம். இயற்பியலுக்கு நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதில் பின்னத்துக்கென ஒரு செயலி உண்டு. பகுதியின், அதாவது பின்னத்தின் கீழ் எண்ணின், பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்த அழுத்த, வட்டத்தில் கோடுகள் கூடும், துண்டு சிறுக்கும்.

முதல் நாள் சொதப்பினேன். கடகடவென்று எட்டு வரை அழுத்திக் காட்டினேன். "ஐ!" என்றார்கள். நோட்டில் மறுபடியும் எட்டில் ஒன்றுதான் பெரிது.

மறுநாள் நான்கில் நிறுத்திவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "ஐந்து ஆக்கினால் துண்டு என்ன ஆகும்? வரையுங்கள், அப்புறம்தான் அழுத்துவேன்." அதிகம் பேசாத ஒரு பெண் பெரிதாக ஒரு துண்டு வரைந்தாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, "ஆள் கூடினா பங்கு குறையும்ல?" என்றான். கொஞ்ச நேரம் அவனை முறைத்துவிட்டு, அழித்து, சின்னதாக வரைந்தாள். அழுத்தினேன். எல்லோரும் திரையைப் பார்த்துக் கத்த, அவள் மட்டும் நோட்டைப் பார்த்துத் தனக்குத்தானே ஒரு டிக் போட்டுக்கொண்டாள். ஆறுக்கு அவள் ரப்பரைத் தொடவில்லை.

ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தும் பார்த்திருக்கிறேன். வகுப்பு அமைதியாக இருந்தது, அதுதான் சிக்கல். சரி என்று திரையில் பச்சை வரும்வரை எதையாவது தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே திரை இருந்தால் சண்டை போட்டாவது பேசுகிறார்கள். சீக்கிரம் பதில் சொன்னால் கூடுதல் மதிப்பெண் தரும் வினாடி வினாவையும் விட்டுவிட்டேன். நிதானமாக யோசிக்கிற பிள்ளைக்கு அது தண்டனை.

நெட் ஒருநாள் பாதியில் காலை வாரியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, முப்பது பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது முந்தைய நாளே அந்தச் செயலியை இறக்கி வைத்துவிடுகிறேன், நெட் இல்லாமலும் ஓடுகிறது.

நேற்று அந்தப் பையன் பகுதியைக் குறைத்துக்கொண்டே போய் ஒன்றில் முட்டி நின்றான். "டீச்சர், பூஜ்யம் ஏன் வரமாட்டேங்குது?"

"பூஜ்யம் பேருக்குப் பங்கு போட்டு நோட்டில் வரை பார்ப்போம்" என்றேன். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.