கார்டு அப்புறம், முதலில் கன்ட்ரோலர்

"கேம் ஆட எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்று (கணினியில் படத்தை வரைந்து தரும் பாகம் அது) கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "டிவியில் கேம் மோட் போட்டிருக்கீங்களா?" படத்தை அலங்கரிக்காமல் உடனே காட்டச் சொல்லும் டிவி அமைப்பு அது. பேச்சை மாற்றுகிறேன் என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மாற்றவில்லை. சமீபத்தில் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்து என்னை இந்த முடிவில்தான் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. கையில் காசு இருந்தால் முதலில் கை தொடும் பொருளுக்கு, அதாவது கன்ட்ரோலருக்குப் போட வேண்டும், அப்புறம் கண் பார்க்கும் திரைக்கு. மிச்சம் இருந்தால் கார்டைப் பற்றி யோசிக்கலாம்.

என் கணினி 2019-இல் கட்டியது. ரைசன் 5 3600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 16 ஜிபி ராம். தனியாக மானிட்டர் கிடையாது. ஹாலில் இருக்கும் 43 அங்குல டிவிதான். அதுவும் வீட்டில் சீரியல் எல்லாம் முடிந்து இரவு பத்தரைக்கு மேல்தான் என் கைக்கு வரும். இதுபோக கையில் பிடித்து ஆடும் சின்னக் கணினியான ஸ்டீம் டெக் ஒன்று இருக்கிறது, பழைய எல்சிடி மாடல். இந்தியாவில் அதை அதிகாரபூர்வமாக விற்பதில்லை என்பதால், டல்லாஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தி மகன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான்.

இந்தப் பேச்சுக்கே காரணம் 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் இருக்கும் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. 2025 ஏப்ரலில் வந்தது, அந்த வருடக் கடைசியில் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த ஆட்டத்துக்கான விருதையும் வாங்கிவிட்டது. கதையின் முடிச்சு இதுதான்: தூரத்தில் ஒரு பிரமாண்டமான கல். வருடத்துக்கு ஒருமுறை ஓவியக்காரி ஒருத்தி எழுந்து, அதில் போன வருடத்தைவிட ஒன்று குறைவான எண்ணை எழுதுவாள். அந்த வயதில் இருப்பவர்கள் அப்படியே கரைந்து காணாமல் போவார்கள். எண் 33-க்கு வந்து நிற்கும்போது, அவளை ஒழித்துக்கட்டக் கிளம்பும் கூட்டம்தான் நாம். முதல் அரை மணி நேரத்திலேயே தொண்டையை அடைக்க வைத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது சண்டையைப் பற்றி. முறை வைத்து ஆடும் ஆட்டம் இது. நம் முறையில் நிதானமாக யோசித்து அடிக்கலாம். எதிரியின் முறை வந்தால்தான் வேலை. அவன் கத்தியை வீசும் நேரத்தில் டாட்ஜ் செய்து விலகலாம், அல்லது பேரி பட்டனைத் தட்டித் தடுக்கலாம். டாட்ஜுக்கு நேரம் கொஞ்சம் தாராளம். பேரிக்குக் கறார். ஆனால் ஒவ்வொரு பேரிக்கும், நம் முறையில் பெரிய அடிகளுக்குச் செலவழிக்க, ஒரு ஆக்‌ஷன் பாயின்ட் கிடைக்கும். அவன் அடிக்கும் வரிசை முழுவதையும் தடுத்துவிட்டால் நம் ஆள் திருப்பி ஒன்று கொடுப்பான் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே தூக்கத்தை விடலாம். எதிரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கையை ஓங்கிவிட்டு ஒரு நொடி வேண்டுமென்றே நிற்பார்கள். ஓங்கியதைப் பார்த்துத் தட்டினால் தோற்றோம். தாளம் போடுவது போல அவனுடைய அடி வரிசையை மனசுக்குள் எண்ணித் தட்ட வேண்டும்.

துவாலிஸ்த் என்று இரண்டு வாளோடு ஒருவன் வருவான். அவனிடம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அதே சண்டையை டெக்கின் சின்னத் திரையில், நொடிக்கு முப்பது ஃபிரேமில் (ஃபிரேம் என்றால் திரையில் வரும் ஒவ்வொரு படம்), மங்கலான படத்தோடு ஆடும்போது பேரி விழுகிறது. டிவியில், ஐம்பது ஃபிரேமில், அழகான படத்தோடு ஆடும்போது விழவில்லை. கார்டு வேகம்தான் எல்லாம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

கணக்கு எளிது. நொடிக்கு முப்பது ஃபிரேம் என்றால் ஒரு படம் 33.3 மில்லிநொடி நிற்கும். அறுபது என்றால் 16.7. புதுக் கார்டு வாங்கி முப்பதிலிருந்து அறுபதுக்குத் தாவினாலும் ஒரு படத்துக்கு மிச்சமாவது 17 மில்லிநொடிக்குள்தான். இந்தப் பக்கம் டிவி என்ன செய்கிறது? வரும் படத்தை அப்படியே காட்டாமல் அசைவை வழவழப்பாக்கி, நிறத்தை ஏற்றி, ஓரங்களைக் கூராக்கி, அப்புறம்தான் காட்டுகிறது. சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. ஆட்டத்தில் நாம் பட்டனைத் தட்டியதற்கும் திரையில் கை அசைவதற்கும் நடுவே இந்த அலங்காரம் மட்டும் நூறு மில்லிநொடி வரை தின்றுவிடும். கேம் மோட் போட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். காசு செலவே இல்லை. என் டிவியில் அது மூன்று மெனுவுக்குள், "பிக்சர்" என்பதற்கு அடியில் "மேம்பட்ட அமைப்புகள்" என்பதற்குள் ஒளிந்திருந்தது. போட்டதும் நிறம் கொஞ்சம் வெளிறியது. துவாலிஸ்த் செத்தான்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் பாதிப் பேரி காதால்தான். வாள் காற்றைக் கிழிக்கும் சத்தத்தை வைத்துத் தட்டுகிறோம். வீட்டார் தூங்குகிறார்களே என்று ப்ளூடூத் இயர்போனைப் போட்டீர்களானால் அந்தச் சத்தமே தாமதமாகத்தான் வந்து சேரும். நானூறு ரூபாய் வயர் இயர்போன் போதும்.

சரி, கன்ட்ரோலருக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒன்று, பெயர் வேண்டாம். வாரன்டி முடிந்த கையோடு கட்டைவிரலால் அசைக்கும் இடது ஸ்டிக் தானாக நகர ஆரம்பித்தது. நான் கையை எடுத்துவிட்டால்கூட ஆள் மெதுவாக மேற்கே நடந்துபோய்க்கொண்டிருப்பான். ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவான டெட்-ஸோனைக் கூட்டிச் சில வாரம் ஓட்டினேன். அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை போட்டிருக்கும் பையனிடம் கொண்டுபோனேன்.

அவன் பழைய ஸ்டிக்கைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றது நல்ல அனுபவம். பலகையின் பின்பக்கம் பதினான்கு ஈயப் புள்ளிகள். அத்தனையையும் உருக்கி உறிஞ்சி எடுத்தால்தான் ஸ்டிக் வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் பலகையில் இருக்கும் தாமிரத் தடமும் கூடவே பிய்ந்துகொண்டு வரும். எடுத்த பிறகு அதன் பக்கவாட்டு மூடியை நகத்தால் நெம்பித் திறந்து காட்டினான். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு கரிப் பூச்சு, வில்லாக வளைந்து. அதன் நடுவில் வெளிறிய கோடு ஒன்று.

"இதாண்ணா பிரச்சனை. உள்ள ஒரு கம்பி தேய்ச்சுக்கிட்டே இருக்கும். தேயத் தேய சென்டர் எதுன்னு அதுக்கே தெரியாது."

"அதே மாதிரிதானே புதுசும் தேயும், தம்பி?"

"தேயும். ஹால் எஃபெக்ட் போட்டா தேயாது. காந்தம்ணா, தொடவே தொடாது. ஆனா போட்டப்புறம் காலிபரேட் பண்ணணும், சென்டர் எதுன்னு அதுக்குச் சொல்லித் தரணும், கொஞ்சம் நேரம் இழுக்கும்."

அவன் சொன்னது சரி. வழக்கமான ஸ்டிக்கில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். உரசி உரசித்தான் இடத்தைச் சொல்லும். ஹால் எஃபெக்டில் காந்தம் நகர, சென்சார் தொடாமலே அளக்கும். டிஎம்ஆர் என்று இன்னொரு வகையும் வந்திருக்கிறது. அதுவும் காந்தம்தான், மின்சாரம் குறைவாகக் குடிக்கும். முன்னணி நிறுவனங்கள் தங்கள் விலை உயர்ந்த கன்ட்ரோலர்களில்கூட இன்னும் பழைய உரசல் ஸ்டிக்கையே வைத்து விற்பது எனக்குப் பிடிபடாத விஷயம். 8பிட்டோ, குலிகிட் மாதிரி நிறுவனங்கள் அதைவிடக் குறைந்த விலையிலேயே காந்த ஸ்டிக்கைத் தருகின்றன. நான் பழையதைச் சரிசெய்து மகளுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு 8பிட்டோ அல்டிமேட் எடுத்துக்கொண்டேன். கணினியில் செருகும் டாங்கிள் வழியாகத்தான் ஆடுகிறேன். ப்ளூடூத்தை இதற்கும் நம்புவதில்லை.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரப்பர் பூச்சு பூசிய கைப்பிடியை வாங்காதீர்கள். தொட்டுப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கும். இந்தப் புழுக்கத்திலும் வியர்வையிலும் கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்தான் நமக்கு.

8பிட்டோவின் டி-பேட், அதாவது நாலு திசைக்கான கூட்டல் குறி வடிவ பட்டன், நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது எவ்வளவு நன்று என்பது 'ஹாலோ நைட்: சில்க்சாங்' ஆடும்போதுதான் தெரிந்தது. அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி 2019 பிப்ரவரியில் அறிவித்து, 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வெளியிட்ட ஆட்டம். வெளியான நிமிஷத்தில் ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகள் திணறிப்போயின. நாயகி ஹார்னெட் முதலில் கீழ்நோக்கி அடிக்கும் அடி, முந்தைய 'ஹாலோ நைட்' ஆட்டத்தில் போல நேராக இறங்காமல் சாய்வாக இறங்கும். வேட்டைக்காரர் பாதை என்ற பகுதியில் சிவப்புப் பூக்களின் மேல் இப்படிக் குத்திக் குத்தித்தான் தாவிப் போக வேண்டும். ஸ்டிக்கில் கட்டைவிரல் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தாலும், கீழே என்பதற்குப் பதிலாக முன்னால் அடிக்கிறாள், முள்ளில் விழுகிறாள். டி-பேடுக்கு மாறினேன், கீழ் என்றால் கீழ். அந்தப் பகுதியில் களைத்துப்போய் உட்காரப் போகும் பென்ச்சிலேயே பொறி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் எந்த டி-பேடாலும் மாற்ற முடியாது. சிரித்துவிட்டேன், பிறகு கெட்ட வார்த்தை சொன்னேன்.

ஆட்டம் கஷ்டம் என்று ஊரே புலம்பியது. கஷ்டம் எனக்குப் பிரச்சனை இல்லை. தோற்ற பிறகு பென்ச்சிலிருந்து மறுபடியும் சண்டை நடக்கும் இடத்துக்கு ஓட வைப்பதுதான் பிரச்சனை. கடைசி நீதிபதி என்ற பெரிய எதிரியிடம் போகும் வழியில் துளையிடும் பூச்சிகளைத் தாண்டி ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பாதியை நடக்கச் சொன்னால் எப்படி? எக்ஸ்பெடிஷன் 33-இல் தோற்றால் உடனே அங்கேயே திரும்ப ஆடலாம். அந்த மரியாதையை டீம் செர்ரியும் காட்டியிருக்கலாம். மற்றபடி கையால் வரைந்த அந்த உலகத்துக்கு ஈடு இல்லை. அதை அறுபது ஃபிரேமில் ஓட்ட என் 1660-க்கு வியர்க்கக்கூட இல்லை.

டெக்கைப் பற்றி. எடை 669 கிராம், படுத்துக்கொண்டு ஆடினால் மணிக்கட்டு வலிக்கும். பேட்டரி 40 வாட்-மணி. எக்ஸ்பெடிஷன் 33 மாதிரி கனமான ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. ஆனால் அதில் ஓர் அமைப்பு இருக்கிறது: திரையை 40 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 40 முறை புதுப்பிக்கும்படி) வைத்து நாற்பது ஃபிரேமில் பூட்டிவிடலாம். நாற்பது என்றால் ஒரு படத்துக்கு 25 மில்லிநொடி. 33.3-க்கும் 16.7-க்கும் சரியாக நடுவில் வருகிறது. எண்ணிக்கையில் பத்துதான் கூடுகிறது, கைக்கோ பாதி வழி வந்தாகிவிட்டது. கொஞ்சம் கனமான ஆட்டங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் ஆடுகிறேன். பவர் பட்டனைத் தட்டினால் ஆட்டம் அப்படியே தூங்கும், மறுநாள் அதே இடத்தில் எழும். பகலில் மின்சாரம் போனாலும் கவலை இல்லை.

டெக்கில் 'பலாட்ரோ' ஆடாதீர்கள். கனடாவில் ஒரே ஒரு ஆள் செய்த சீட்டாட்டம், 2024-இல் வந்தது, பேட்டரி தீரவே தீராது, அதுதான் ஆபத்து.

'வெண்பா'வையும் அதில்தான் முடித்தேன், ஒரே உட்காரலில். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது; 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், அழிந்துபோன வரிகள் உள்ள அம்மாவின் சமையல் குறிப்பேடு. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்ட விருது வாங்கியது. இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுதான் முதல் புதிர். மகள் பக்கத்தில் இருந்தாள். நான் அடுக்கியதைப் பார்த்து அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். இந்த ஆட்டத்துக்கு ஃபிரேமும் வேண்டாம், கேம் மோடும் வேண்டாம்.

ஆக, கார்டு வாங்கவில்லை. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 கார்டிலும் இன்னும் 8 ஜிபி மெமரிதான். அந்த வருடக் கடைசியில் ராம் விலையும் ஏறு ஏறு என்று ஏறிவிட்டது. ஏஐ சேவை நிறுவனங்கள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால் நமக்கு என்ன மிஞ்சும்? 1660 இன்னும் கொஞ்சம் ஓடட்டும். 2025 நவம்பரில் டெக்கைச் செய்த வால்வ் நிறுவனம் ஸ்டீம் மெஷின் என்ற கேம் கணினியை அறிவித்தபோது எல்லாரும் அதன் உள்ளே என்ன சிப் என்று சண்டை போட்டார்கள். நான் பார்த்தது கூடவே அறிவித்த ஸ்டீம் கன்ட்ரோலரை: டிஎம்ஆர் ஸ்டிக், டெக்கில் இருப்பது மாதிரி விரலால் தேய்க்கும் இரண்டு டிராக்பேட். சித்தி மகனுக்கு அப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன். இந்த முறை பெட்டியில் இடம் குறைவாகத்தான் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.