புளியந்தீவில் இரண்டு மெழுகுதிரி

காரைதீவில் இருந்து மட்டக்களப்புக்குப் போனால், விபுலானந்த அடிகளின் சமாதியைக் கும்பிடாமல் நாங்கள் கல்லடிப் பாலம் ஏறுவதில்லை. இந்தமுறை அம்மாவும் கூட வந்தா. உப்போடையில் சமாதியடியை விட்டு எழும்பும்போது, "அடிகள் படிச்ச பள்ளிக்கூடத்தையும் ஒருக்காப் பார்த்துட்டுப் போவமே மனே" என்றா. அறுபது வயது தாண்டியும் அம்மா புளியந்தீவில் உள்ள அந்தப் புனித மிக்கேல் கல்லூரிக்குள் காலடி வைத்ததில்லை.

ஞாயிறு பின்னேரம். "பார்த்திட்டு வாங்கக்கா" என்று காவலாளி உள்ளே விட்டார்.

கல்லூரி தொடங்கியது 1873 இல். 1895 இல் பிரான்சில் இருந்து இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்புக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பேர்டினன்ட் பொனல் அடிகளார்தான் இந்தப் பெருங்கட்டடத்துக்கு வடிவம் கொடுத்தவர். கணிதம் தெரிந்த கை என்பது வளைவுகளைப் பார்த்தாலே விளங்கும். ஒன்றைப்போல் ஒன்றாக வரிசையில் நின்று, வெயிலை விறாந்தையிலேயே மறித்துவிடுகின்றன. வெளியே கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. விறாந்தையில் நாலடி உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன், குளிர்ந்து கிடந்தது. கடல் தாண்டி வந்த ஒரு துறவி, எங்களூர் வெயிலையும் அதில் வாடப்போகும் பிள்ளைகளையும் நினைத்து வரைந்திருக்கிறார். அதுவும் ஒரு செபம் என்றே எனக்குப் பட்டது.

1892 இல் எங்களூரில் பிறந்த மயில்வாகனம் என்ற சைவப் பிள்ளையின் கணிதத் திறமையை இனங்கண்டு ஊக்கியவரும் இதே பொனல் அடிகளார்தான். 1908 இல் இங்கிருந்து கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறிய அந்தப் பிள்ளை, பிறகு இங்கேயே ஆசிரியராகவும் வந்தார். துறவு பூண்டு விபுலானந்தர் ஆனதும், கணிதமும் இசையும் கலந்த யாழ் நூல் எழுதியதும் பிந்திய கதை. ஆனால் அதற்கான விதை இந்தக் கல்லூரியில் விழுந்தது என்றே நம்புகிறேன். இதைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மா ஒரு தூணைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நின்றா, கண்ணகை அம்மன் கோயில் வாசலில் நிற்பதுபோல.

கூடைப்பந்துத் திடலில் பொடியன்மார் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த விளையாட்டை இங்கே வளர்த்தவர் 1948 இல் அமெரிக்காவில் இருந்து வந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு விழா நாளில், வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். பின்னால் ஒரு பதின்வயதுப் பிள்ளையும் இருந்தான். இருவரும் வந்து சேரவேயில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் உள்ள மரியாள் பேராலயத்துக்குப் போனோம். நெற்றியில் சமாதியடித் திருநீறு இன்னும் அழியாமல் இருக்க, இரண்டு மெழுகுதிரி கொளுத்தினா.

"ஒண்டு சுவாமிக்கு, மத்தது கூடப்போன பிள்ளைக்கு."