மத்தியானம் மலைக்கு வராத சின்னம்மாவுக்கு 6 கிலோ

"கடைசி வீட்டுச் சின்னம்மா அன்னைக்கு மத்தியானம் மலைக்கே வரலையே. அவளுக்கு எப்படி 6 கிலோ?" லேப்டாப்பைப் பார்த்து அம்மா கேட்ட பிறகுதான் என் தவறு தெரிந்தது.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒத்துப்பார்க்க, தேயிலை மலையில் தன்னோடு கொழுந்து எடுக்கும் 12 பேரின் கிலோவையும் அம்மா கொப்பியில் எழுதி வைப்பார். அதை நான் ஆர் (R) என்ற கணினி மொழியில் ஏற்றுகிறேன்.

அன்று மழை. காலை நிறுவையில் 12 எண்கள், மத்தியானத்தில் 6 மட்டும். இரண்டு வெக்டரையும், அதாவது எண் வரிசையையும், சிபைண்ட் (cbind) என்ற கட்டளை போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். நீளம் குறைந்த வெக்டரை ஆர் மறுபடி மேலிருந்து எடுத்து நிரப்பிவிடும். 5 எண்கள் இருந்திருந்தால் கணக்குப் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்திருக்கும். 6 என்பது 12-க்குள் சரியாக இரண்டு தடவை போகிறது, அதனால் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்குப் போனவர்களுக்கும் கொழுந்து ஏறிவிட்டது. வந்தவர்களின் கிலோகூட அவரவர் வரிசையில் விழவில்லை. சிபைண்டுக்கு ஆளைத் தெரியாது, எத்தனையாவது வரி என்பது மட்டும்தான் தெரியும்.

பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒட்டினேன். கிலோ எல்லாம் மேற்கோள் குறிக்குள் போய்விட்டது, கூட்டவே முடியவில்லை. சிபைண்ட் தருவது மேட்ரிக்ஸ் என்ற கட்டம், அதில் ஒரே வகைதான் இருக்க முடியும். எழுத்து ஒன்று வந்தால் எண்களும் எழுத்தாகிவிடும். ஆளும் கிலோவும் ஒன்றாக இருக்க, ஒவ்வொரு பத்திக்கும் தனி வகை வைக்கும் டேட்டா ஃபிரேம் என்ற அட்டவணைதான் வேண்டும்.

அப்புறம், இரண்டு அட்டவணையை ஆள் பார்த்து இணைக்கும் மெர்ஜ் (merge) கட்டளை. பெயரை வைத்து இணைக்கவே கூடாது. எங்கள் செட்டில் இரண்டு லெட்சுமி இருக்கிறார்கள். இரண்டு அட்டவணையிலும் இருவரும் இருந்தால் நான்கு லெட்சுமி வரி வரும். தோட்டப் பதிவில் ஆளுக்கு ஒன்றாக உள்ள செக்ரோல் நம்பரை வைத்து இணைத்தேன். இப்போது 6 வரிதான் வந்தது. மத்தியானம் வராதவர்களின் காலைக் கொழுந்தும் சேர்ந்து காணாமல் போனது. இரண்டிலும் உள்ளவர்களை மட்டுமே மெர்ஜ் வைத்துக்கொள்ளும், வேறு சொல்லாவிட்டால். முதல் அட்டவணையில் உள்ள எல்லாரையும் வைத்துக்கொள் என்று சொல்லும் ஆல்.எக்ஸ் (all.x) என்பதை ட்ரூ (TRUE) என்று கொடுத்ததும் 12 பேரும் வந்தார்கள். வராதவர்களின் மத்தியானக் கட்டத்தில் என்ஏ (NA), அதாவது மதிப்பு தெரியாது என்ற குறி.

என்ஏவோடு எதைக் கூட்டினாலும் என்ஏதான். எல்லாவற்றையும் சைபராக்கப் போனேன். அம்மா தடுத்தார்.

"எட்டாம் நம்பர்காரி வந்தா. நிறுக்கவும் நிறுத்தாங்க. மழையில நான்தான் எழுதல."

ஆக அன்று மத்தியானம் மலை ஏறியது ஏழு பேர். ஐந்து கட்டத்தில் சைபர் போட்டேன். எட்டாம் நம்பருக்கு நேராக என்ஏ அப்படியே இருக்கிறது. நாளைக் காலை பிரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், அம்மா அவரிடம் கேட்டு வருவார்.