3 சதவீதத்திலிருந்து ஜனாதிபதி வரை

இடதுசாரி தேசியத் தேர்தலில் ஜெயிக்க முடியாது என்பவர்கள் இலங்கைக் கணக்கைப் பாருங்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலில் இடதுசாரித் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்கு 3 சதவீதம்தான். 2024 செப்டம்பரில் 42.3. பாதியைத் தாண்டாததால், அங்கே முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை. முதல் இருவரை (அநுர, எதிர்க்கட்சித் தலைவர் சஜித்) தவிர மற்றவர்களின் சீட்டுகளில் 2, 3 என்று போட்ட விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். மூன்றாமிடம் வந்த அப்போதைய ஜனாதிபதி ரணிலுக்கு மட்டும் 22 லட்சத்துக்கு மேல் விழுந்திருந்தது. ஆனால் எல்லாருடைய சீட்டுகளிலிருந்தும் சஜித்துக்குச் சேர்ந்தது சுமார் 1.68 லட்சம், அநுரவுக்கு 1.05 லட்சம். பெரும்பாலோர் அந்த இருவருக்கும் விருப்பு போடவேயில்லை. எதிர்முகாம் இப்படி உடைந்ததுதான் பாதி வெற்றி, என்னைக் கேட்டால்.

நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அந்தச் சாக்கும் இல்லை: அநுரவின் கூட்டணிக்கு 61 சதவீதம், 225இல் 159 ஆசனம். யாழ்ப்பாணத்திலேயே 6க்கு 3! மட்டக்களப்பில் மட்டும் தமிழரசுக் கட்சிதான் முந்தியது.