இன்டர்நெட்டுக்கு ஒரு தணிக்கை

இன்டர்நெட் அடியோடு போய்விட்டால் அதில் ஒரு நிம்மதி உண்டு. போன் போட்டுச் சொல்லலாம், ஆள் வருவார், மோடத்தில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்ப்பார், எங்கோ அறுந்த ஒயரை ஒட்டிவிட்டுப் போவார். விட்டு விட்டு வருவதுதான் கொடுமை. டாக்டர் வாசலை மிதித்ததும் இறங்கிவிடுகிற ஜுரம் மாதிரி, பார்க்க ஆள் வந்த நிமிடம் அது ஒழுங்காக ஓடும். நாம்தான் பொய் சொல்கிறோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் வீடு திருச்சி கே.கே. நகரில். வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதம் 11-ஆம் தேதி விற்பனைக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர் 1-க்குக் கடைசி நாள், 20-ஆம் தேதி வரிக் கணக்குப் படிவமான 3பி-க்கு. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் கடைக்கார அண்ணன்களுக்குப் பில் கட்டுகள் ஞாபகத்துக்கு வரும். பையில் திணித்துக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "பாத்துப் போட்டு விட்ருங்கம்மா" என்று போய்விடுவார்கள். நானும் பார்த்துப் போட்டு, கடைசிப் பக்கம் வரைக்கும் வந்திருப்பேன். ஓடிபி டொய்ங் என்று போனுக்கு வரும். அதைத் தட்ட வேண்டிய பக்கம் கம்ப்யூட்டரில் வராது. கீழே மூலையில் ஒரு உலக உருண்டை, அதன்மேல் ஒரு தடுப்புக் குறி. உலகமே உனக்கு இல்லை என்று அர்த்தம்.

கொஞ்ச நேரத்தில் தானாகவே வரும். சில சமயம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் வரும். ஏன் போனது, ஏன் வந்தது என்று ஒரு விளக்கமும் கிடையாது.

மோடம் வாசல் அறையில் டிவிக்கு மேலே இருக்கிறது. கம்ப்யூட்டர் உள்ளே ஹாலில். நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் ஓட்டை போட்டு லேன் ஒயர் இழுத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் பெயின்ட் அடித்துச் சில மாதங்களே ஆன சுவர் அது. "செவுத்துல ட்ரில்லிங் மெஷின் வைக்கிறதுன்னா என் நெஞ்சுல வை" என்கிற அளவுக்கு மாமா உறுதியாக இருந்தார். அதனால் சிபியுவின் பின்பக்க யுஎஸ்பி ஓட்டையில், வைஃபையைப் பிடித்துக் கொடுக்கிற டாங்கிள் என்ற சின்னக் கட்டை ஒன்றைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

முதலில் நெட் கனெக்ஷன் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டேன். வந்தார். வந்ததும் நெட் ஜம்மென்று ஓடியது. கையடக்கக் கருவி ஒன்றை எடுத்து, மோடத்துக்கு வருகிற மஞ்சள் ஃபைபர் ஒயரைக் கழற்றி அதில் சொருகி, "மைனஸ் 21 காட்டுதுக்கா, சூப்பர் பவர்" என்றார். ஃபைபரில் வந்து சேருகிற வெளிச்சத்தை அளக்கிற கணக்கு அது. மைனஸ் 27-க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டுமாம். பிறகு அவருடைய போனில் வேகம் பார்த்தார். நூறுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம். "லைன் பக்காவா இருக்கு. உங்க சிஸ்டத்துலதான் ஏதோ." கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். "இல்லன்னா அணில் கடிச்சிருக்கலாம்கா" என்றார். 2021-இல் மின்தடைக்கு அணில்களும் ஒரு காரணம் என்று அமைச்சர் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்த மாநிலம் நம்முடையது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே அணில் ஃபைபர் ஒயரைக் கடிக்கும். ஆனால் சாயங்காலம் கடித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒட்டவைக்காது.

அடுத்து சிஸ்டம் சர்வீஸ்காரர். அவர் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூட இல்லை. "ஃபார்மேட் போட்ரலாம் மேடம்." எனக்குத் தெரிந்து மவுஸ் ஓடாததற்கும் ஸ்பீக்கர் கரகரத்ததற்கும்கூட அவர் இதே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாக்கல் தேதி நெருங்குகிற வேளையில் ஃபார்மேட்டா? டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அத்தைக்கு வேறு கருத்து இருந்தது. சனிக்கிழமை காலையில் நெட் போனபோது மணி ஒன்பதரை. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. "நான் சொன்னா யாரு கேக்குறா" என்று அன்று முழுக்க வெற்றி முகத்தோடு இருந்தார். புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் போனதும் அந்தக் கட்சி கலைந்தது. புதனுக்கு ராகுகாலம் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. எமகண்டம் காலையிலேயே முடிந்துவிடும். "அப்ப குளிகையா இருக்கும்" என்றார், ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் மாமா களத்தில் இறங்கினார்.

மாமா அரசுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தே சர்வீஸை முடித்தவருக்கு, வீட்டிலேயே ஒரு ஓட்டை கிடைத்ததில் பத்து வயது குறைந்துவிட்டது. நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார், ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டார். வரிசை எண், நாள், நேரம், தடங்கலின் கால அளவு, அச்சமயம் வீட்டிலிருந்தோர், அவர்கள் செய்துகொண்டிருந்த பணி, குறிப்புரை. "தரவு இல்லாம யாரையும் குத்தம் சொல்லக்கூடாதும்மா" என்றார். சொல்லிவிட்டு எட்டாவது படிக்கும் பேரனின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டிலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்.

"மாலை 6.40. மருமகள்: கணினியில் பணி. பேரன்: அறைக்குள், கதவு சாத்தியிருந்தது. விளக்கம் கோரப்பட்டது. அளித்த விளக்கம் திருப்திகரமாக இல்லை."

"காலை 9.50. மனைவி: மிக்ஸி (தேங்காய்ச் சட்னி). தேங்காய்க்கும் தடங்கலுக்கும் தொடர்பு உண்டா என ஆராயப்பட வேண்டும்."

"மாலை 7.05. மகன் அலுவலகத்திலிருந்து திரும்பினார். அவர் உள்ளே நுழைந்ததும் தடங்கல். தற்செயலாக இருக்கலாம்."

பேரன் போனில் கேம் ஆடுவதால்தான் நெட் எல்லாம் தீர்ந்துபோகிறது என்று இடைக்காலத் தணிக்கைத் தடை (ஆடிட்காரர்கள் எழுதுகிற ஆட்சேபணை) ஒன்று எழுதப்பட்டு, அவன் போன் பீரோவுக்குள் போனது. அன்று சாயங்காலமும் நெட் நின்றது. போன் மட்டும் திரும்பி வரவில்லை.

நான் என் பங்குக்கு வேறு வழியில் போனேன். கம்ப்யூட்டரில் கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் எங்கள் வீட்டு மோடத்தின் எண்ணுக்கு விடாமல் பிங் கொடுத்தேன், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்; 192.168.1.1. இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8. இது எளிமையான சோதனை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். மோடம் பதில் சொல்லி, கூகுள் பதில் சொல்லவில்லையென்றால் கோளாறு வெளியே. மோடமே பதில் சொல்லவில்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். சாயங்காலம் நெட் நின்றபோது இரண்டு ஜன்னலிலும் ஒரே நேரத்தில் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" வரிசையாக இறங்கியது. அதே நிமிடம் என் போன் அதே வைஃபையில் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக லைன் நல்லது, மோடம் நல்லது, அணில் நிரபராதி. அந்த ஒரு சுவர் தூரத்துக்குள்தான் திருடன் இருந்தான்.

மைக்ரோவேவ் அடுப்பின்மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. அதுவும் இந்தச் சின்ன டாங்கிளும் ஒரே அலைவரிசைப் பக்கம்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். பிங் கொஞ்சம் திணறியது, நிற்கவில்லை. வெந்நீரை மாமா வாங்கிக் குடித்துவிட்டு அதையும் பதிவேட்டில் ஏற்றினார். டிரைவர் புதுப்பிப்பது, டிஎன்எஸ் மாற்றுவது, மின்சாரம் மிச்சப்படுத்த டாங்கிளை அணைக்கிற டிக்கை எடுப்பது என்று இணையத்தில் சொல்கிற எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. போன் புண்ணியத்தில்தான் அதையும் தேடிப் படித்தேன்.

19-ஆம் தேதி ராத்திரி, 3பி பாதியில் நிற்க, வெறுத்துப்போய் மாமாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். மாமா நியாயஸ்தர். அடுத்தவர் பெயரை எழுதுகிற அதே வரிசையில் தன் பெயரையும் எழுதியிருந்தார், தான் அப்போது என்ன செய்தார் என்பதோடு. தன்மேல் யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை.

"நான்: செல்போன் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றும் பணி. இன்டர்நெட் பயன்படுத்தவில்லை."

அதற்கு மேல் வரியிலும் அதேதான். அதற்கு மேலும். பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும். மிக்ஸி ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. பேரன் ட்யூஷன் போன நாளும் உண்டு. என் கணவர் தஞ்சாவூர் போயிருந்த நாளிலும் தடங்கல் உண்டு. எல்லா வரியிலும் தவறாமல் ஆஜரானது அந்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதுவும் சொந்தக் கையெழுத்தில், இன்டர்நெட் பயன்படுத்தவில்லை என்ற உறுதிமொழியோடு.

மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் அழிக்கும் வழக்கம் கிடையாது. காலை வணக்கம், கும்பாபிஷேகம், மூட்டுவலிக்கு முடக்கத்தான், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு எல்லாம் ஆண்டு வாரியாக, மாத வாரியாகக் கோப்பில் ஏற வேண்டும். போனிலிருந்து முதலில் கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு. "நீ பாட்டுக்கு வேலையைப் பாரும்மா, அது பாட்டுக்கு ஏறட்டும்" என்று செருகிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். சிபியுவின் முன்பக்க யுஎஸ்பி ஓட்டைகள் பேரனின் ஆராய்ச்சிகளில் எப்போதோ உயிரை விட்டுவிட்டன. அதனால் பின்பக்கம்தான் கதி. அங்கே நீல நிற ஓட்டைகள் இரண்டு அருகருகே. ஒன்றில் டாங்கிள், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க்.

நீல நிறம் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0-க்கு அடையாளம். அதில் தகவல் நொடிக்கு ஐந்து கிகாபிட் வேகத்தில் பாயும்போது, ஒயரிலிருந்தும் செருகும் இடத்திலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும். கசிகிற இடம் எது என்றால் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். ஒட்டி உட்கார்ந்திருக்கிற டாங்கிளுக்கு மோடம் பேசுவது அந்த இரைச்சலில் கேட்காது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. இன்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து பார்த்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எங்கள் போன்கள் தப்பித்ததற்கும் காரணம் உண்டு. அவை 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தன, டிஸ்க்கிலிருந்து தள்ளியும் இருந்தன. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நெட் வந்த மர்மமும் விளங்கியது. அணைக்கும் முன் மாமா பதறி ஓடி வந்து, டிஸ்க்கை முறைப்படி கழற்றி, அதன் உறையில் போட்டுப் பத்திரப்படுத்திவிடுவார்.

மறுநாள் காலை மாமாவிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அது படம் ஏத்துற பெட்டி. அதுக்கும் நெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" கறுப்பு ஜன்னலைத் திறந்துவைத்து, அவர் கையாலேயே டிஸ்க்கைச் செருகி ஒரு வளைகாப்பை ஏற்றச் சொன்னேன். பிங் படுத்தது. நிறுத்தச் சொன்னேன், எழுந்தது. கும்பாபிஷேகத்தை ஏற்றினார், மறுபடி படுத்தது. சாமி விஷயம் என்றும் பார்க்கவில்லை. இன்டெல் அறிக்கையைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புரிந்த இடத்திலும் புரியாத இடத்திலும் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு, கடைசிப் பக்கத்தில் "பார்வையிட்டேன்" என்று கையெழுத்து போட்டார்.

கொஞ்சம் வாடிப்போனார்தான். ஆறுதலுக்கு வேல்ஸ் நாட்டில் அபெர்ஹோசன் என்ற கிராமத்துக் கதையைச் சொன்னேன். அந்த ஊரில் ஒன்றரை வருஷம் தினமும் காலை ஏழு மணிக்குப் பிராட்பேண்ட் படுத்துக்கொண்டது. பொறியாளர்கள் ஒயர்களையெல்லாம் மாற்றினார்கள், பிரயோஜனம் இல்லை. கடைசியில் 2020-இல் ஒருநாள் விடியற்காலை மழையில் அலைவரிசை அளக்கும் கருவியோடு ஊரைச் சுற்றினார்கள். ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்குப் போடுகிற பழைய டிவி, ஊர் முழுக்க இரைச்சலைக் கக்கிக்கொண்டிருந்தது. டிவிக்குச் சொந்தக்காரர் வெட்கப்பட்டு, இனி அதைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

மாமா கதையைக் கவனமாகக் கேட்டார். "ஒன்றரை வருஷமா ஒருத்தர்கூட நோட்டுப் போட்டு எழுதலையா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் முகம் தெளிந்துவிட்டது.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் ஒன்றை வாங்கி, டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வைத்தோம். ஹார்ட் டிஸ்க்கைப் பின்பக்கக் கறுப்பு ஓட்டைக்கு, அதாவது பழைய 2.0-க்கு மாற்றினோம். இப்போது படங்கள் மெதுவாக ஏறுகின்றன. மாமாவுக்கு அதில் ஒரு அவசரமும் இல்லை. அன்று சாயங்காலமே 3பி போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமா பதிவேட்டை முறைப்படி முடித்து வைத்தார். கடைசி வரி: "பேரன் மீதான தணிக்கைத் தடை நீக்கப்படுகிறது. கைப்பற்றப்பட்ட செல்போன் திருப்பி அளிக்கப்பட்டது." பேரன் அதை நின்று நிதானமாகப் படித்தான். போனை வாங்கிக்கொண்டு, பீரோவுக்குள் அது இருந்த நாட்களுக்கு உண்டான கேம் நேரம் நிலுவையாகக் கிடைக்குமா என்று கேட்டான். தாத்தா யோசித்துவிட்டு, மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனான்; தமிழில் எழுதி, இரண்டு பிரதி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.