அப்பாவின்ர ஸ்பீக்கர்

வெள்ளவத்தை வீட்டு மூலையில கிடந்த அப்பாவின்ர பழைய ஸ்பீக்கர் சோடியை நேற்று இறக்கினன். முன்துணியைக் கழட்டினதும், கூம்பைச் சுத்தியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்புப் பிசினாய் உதிர்ந்துது. இந்த ஈரக் காத்துக்கு ஃபோம் கனகாலம் தாங்காது. ரப்பர் எண்டால் நிண்டிருக்கும். ஆனால் வூஃபரின்ர, அதாவது அடித்தொனி குடுக்கிற பெரிய ஸ்பீக்கரின்ர, 8 அங்குலக் கூம்பில ஒரு கிழிசல் இல்லை. இரண்டு கையாலயும் மெல்ல அமத்திப் பார்த்தன், உள்ள சுருள் உரசுற சத்தமே இல்லை. உயிர் இருக்கு!

புறக்கோட்டைக் கடைக்காரர் "புது வூஃபர் போடுங்கோ தம்பி" எண்டினம். மனம் வரேல்லை. பெட்டியின்ர அளவே பழைய வூஃபருக்கெண்டு கணக்குப் பார்த்துச் செய்தது. வளையத்தையும், அடித்தொனி மேல்தொனி எண்டு சத்தத்தைப் பிரிக்கிற கிராஸ்ஓவரில காய்ஞ்சுபோன கெப்பாசிட்டரையும் மட்டும் மாத்தப்போறன், இரண்டு பெட்டியிலயும் ஒண்டாய். அப்பா பின்னேரங்களில இலங்கை வானொலி கேட்டது இதிலதான். ஃபோம் வளையம் ஒட்டிப் பழகின ஆக்கள் கொழும்பில இருந்தால் சொல்லுங்கோ.